ஆண்டர்சனின் கண்ணாடித் தகடுகள்: ஒரு மார்மன் போட்டோக்காரரின் வரவும் செலவும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்பிரிங்வில் என்றொரு சிற்றூர். 1907 ஏப்ரலில் அந்த ஊர்ப் போட்டோக்காரர் ஜார்ஜ் எட்வர்ட் ஆண்டர்சன் கேமராவோடு ஊரை விட்டுப் புறப்பட்டார். வயது 46. வீட்டில் மனைவி ஆலிவ், மூன்று பிள்ளைகள். அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவச் சபைகளில் ஒன்றான மார்மன் சபை, மதம் பரப்பும் ஊழியத்துக்காக அவரை இங்கிலாந்துக்கு அழைத்திருந்தது. இப்படிப் போகிறவர்கள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு திரும்பிவிடுவார்கள். ஆண்டர்சன் இங்கிலாந்துக் கரையை மிதிக்கவே ஏறக்குறைய ஓராண்டு ஆனது. வீடு திரும்பியபோது 1913 பிறந்திருந்தது.

இந்த இடைவெளியில் அவர் எடுத்த படங்கள் இல்லாதிருந்தால், மார்மன் வரலாறு தொடங்கிய இடங்கள் அந்நாளில் எப்படி இருந்தன என்பது இவ்வளவு துல்லியமாக யாருக்கும் தெரிந்திருக்காது. அதே ஆண்டுகளில்தான் அவருடைய தொழில் நலிந்தது, குடும்பத்தில் விரிசல் விழுந்தது. படங்களை ஒரு பக்கம் வைத்துப் போற்றிவிட்டு, குடும்பத்துக்கு நேர்ந்ததை வருத்தத்தோடு ஓரிரு வரியில் கடந்துவிடுவது எளிது. இந்த மனிதரின் வாழ்க்கையை அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். படங்களும் விரிசலும் ஒரே குணத்திலிருந்து வந்தவை.

பதிவேடு வைக்கும் மக்கள்

மார்மன் சபையை ஜோசஃப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் நிறுவினார். உங்களுக்குள்ளே ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும் என்ற கட்டளையை அன்றே அவர் தெய்வ வாக்காக அறிவித்தார். ஆண்டர்சனைப் புரிந்துகொள்ள இது முக்கியம். அந்தச் சபையில் எழுதிவைப்பதும் குறித்துவைப்பதும் அலுவலகச் சடங்கு அல்ல, விசுவாசத்தின் பகுதி. இறந்துபோன முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்று நம்புகிறவர்கள் அவர்கள். அதனால் முப்பாட்டன் பெயர் தெரியாமல் போவது அவர்களுக்கு வெறும் மறதி ஆகாது. 1894இலேயே யூட்டாவில் வம்ச வரலாற்றுக்கென்று ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள்.

சபை தொடங்கிய இடங்களில் அவர்களால் நிலைத்திருக்க முடியவில்லை. ஒஹாயோவின் கர்ட்லண்டில் கோயில் கட்டினார்கள். சில ஆண்டுகளில் அதை விட்டுப் போக வேண்டியதாயிற்று. மிசூரியில் 1838இல் ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். இல்லினாயில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ நகரை எழுப்பினார்கள். 1844 ஜூன் 27 அன்று ஜோசஃப் ஸ்மித்தும் அவருடைய அண்ணன் ஹைரமும் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களில் பெரும்பகுதியினர் பிரிகம் யங்கின் பின்னால் மேற்கே நடந்து, 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். விட்டுவந்த வீடுகளும் வயல்களும் கோயில்களும் பிறர் கைக்குப் போயின.

யூட்டாவில் அவர்கள் அமைத்த ஊர்கள் தனி வகை. உழவர்கள் அவரவர் வயலில் தனித்தனியாகக் குடியிருக்கவில்லை. வீடுகள் ஊருக்குள், வயல்கள் ஊருக்கு வெளியே. அகலமான தெருக்கள், ஓரத்தில் மலையிலிருந்து வரும் வாய்க்கால், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சல். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகச் சபைக்குப் போகும். ஆயருக்குச் சம்பளம் கிடையாது. அவரும் மற்ற நாட்களில் ஏரோட்டுகிறவரோ கடைக்காரரோதான். ஸ்பிரிங்வில் 1850இல் இப்படி உருவான ஊர். ஆண்டர்சன் வாழ்நாள் முழுவதும் படமெடுத்தது பெரும்பாலும் இந்த உழவர்களைத்தான்.

குருவின் தகடுகள் எரிந்தன

ஆண்டர்சன் 1860 அக்டோபர் 28 அன்று சால்ட் லேக் சிட்டியில் பிறந்தார். பதின்ம வயதிலேயே சார்ல்ஸ் ராஸ்கோ சாவேஜின் ஸ்டூடியோவில் தொழில் பழகச் சேர்ந்தார். சாவேஜ் சாதாரண ஆள் இல்லை. 1869 மே 10 அன்று யூட்டாவின் ப்ராமண்டரி உச்சியில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ரயில் பாதைகள் இணைந்ததைப் படமெடுத்தவர்களில் ஒருவர். அங்கே வேலை பழகியபோதுதான் ஓவியர் ஜான் ஹேஃபனின் நட்பு ஆண்டர்சனுக்குக் கிடைத்தது. பின்னாளில் சபையின் செலவில் பாரிஸுக்கு ஓவியம் கற்கப் போனவர்களில் ஹேஃபனும் ஒருவர். அவரும் ஸ்பிரிங்வில்லில் வாழ்ந்தார்.

பதினேழு வயதில் ஆண்டர்சன் தம்பிமாரோடு சேர்ந்து சொந்த ஸ்டூடியோ திறந்தார். நேரம் கூடி வந்திருந்தது. அதுவரை ஈரத்தகடுதான் வழக்கில் இருந்தது. கண்ணாடியில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெளியூருக்குப் போனால் இருட்டறையையும் கூடவே வண்டியில் ஏற்றிப் போக வேண்டும். 1880களில் தொழிற்சாலையில் தயாரான ஜெலட்டின் உலர்தகடு கைக்கு வந்தது. பெட்டியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். இன்று எடுத்துவிட்டு அடுத்த வாரம் கழுவலாம். ஆண்டர்சன் போன்ற ஊர்சுற்றிக்கு இது கால்கட்டை அவிழ்த்துவிட்டது போல.

1883இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு பெரும் தீவிபத்து. அதில் சாவேஜின் ஸ்டூடியோவும், ஆண்டுக்கணக்காக அவர் சேர்த்த நெகட்டிவ்களும் அழிந்தன. சீடருக்கு அப்போது 22 வயது. கண்ணாடியில் பதித்தது நிலைக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு எளிதில் பொய்க்கும் என்று தொழிலின் தொடக்கத்திலேயே அவர் பார்த்துவிட்டார்.

கூடாரம்

1880களின் நடுவில் ஆண்டர்சன் தெற்கே மேன்டை ஊருக்குப் போனார். அங்கே மலைமேட்டில் சபையின் சுண்ணாம்புக்கல் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. 1888 மே மாதம் அதைப் பிரதிஷ்டை செய்தார்கள். அதே மாதம் 30ஆம் நாள், அந்த ஊர்ப் பெண்ணான ஆலிவ் லௌரியை அந்தக் கோயிலிலேயே ஆண்டர்சன் மணந்தார். அங்கே நடந்த முதல் திருமணங்களில் ஒன்று அது. கோயில் திருமணம் மார்மன்களுக்குச் சாவோடு முடிவதில்லை, நித்தியத்துக்கும் உரியது. பின்னால் வந்த விரிசலைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். திருமணமான கையோடு இருவரும் ஸ்பிரிங்வில்லில் குடியேறினார்கள்.

ஸ்டூடியோ இருந்தது ஸ்பிரிங்வில்லில். ஆனால் ஆண்டர்சனின் உண்மையான தொழிற்களம் அவருடைய கேன்வாஸ் கூடாரம். அதைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஓர் ஊரில் கூடாரம் அடித்துச் சில நாள் தங்குவார். கூட்டம் ஓய்ந்ததும் அடுத்த ஊர். உள்ளே ஓவியம் தீட்டிய திரைச்சீலை, ஒரு நாற்காலி, சாய்ந்துகொள்ள ஒரு தூண். வெயிலைக் கேன்வாஸ் கூரை வடிகட்டிவிடும், முகத்தில் கடுமையான நிழல் விழாது. மின்விளக்கு தேவையில்லை.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அந்தப் படங்களின் நிதானம் எங்கிருந்து வந்தது என்று புரியும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் உருவத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் மறைக்கத் தலைக்கு மேல் கறுப்புத் துணி. உருவம் தலைகீழாகத் தெரியும். கூர்மை சரியானதும், தகடு இருக்கும் மரச்சட்டத்தைப் பின்னால் செருகி, அதன் மறைப்புப் பலகையை இழுத்துவிட்டு, லென்ஸைத் திறந்து மூட வேண்டும். அதற்குள் குழந்தை திரும்பினால் தகடு வீண். தகடு ஒவ்வொன்றும் காசு. ஆகவே படம் பிடிப்பதற்கு முன்பே படம் முடிவாகியிருக்க வேண்டும்: யார் எங்கே நிற்பது, பாட்டியின் நாற்காலி எங்கே, குதிரையின் கடிவாளம் யார் கையில். எட்டுக்குப் பத்து அங்குலத் தகட்டில் எடுத்தால் சட்டைப் பொத்தானை எண்ணலாம். கூரைப் பலகையின் வெடிப்பு தெரியும்.

கூடாரத்துக்குள் எடுத்தவை சோறு போட்டன. நான் அதிகம் மதிப்பது வெளியே எடுத்தவற்றை. வீட்டு வாசலில் குடும்பம் முழுவதும், பட்டறையில் கொல்லர், கடை முன்னால் முதலாளியும் சிப்பந்தியும், தண்டவாளத்தருகே ரயில்வே தொழிலாளர்கள். திரைச்சீலைக்கு முன்னால் விறைத்து நிற்கும் உழவர், தன் வேலிக்கு முன்னால் வேறு ஆளாகிவிடுகிறார். கையை எங்கே வைப்பது என்று அவருக்கு அங்கே தெரிகிறது. ஆண்டர்சன் மனிதரோடு அவர்களுடைய பொருட்களையும் சேர்த்துச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தார். எந்தக் குடும்பத்தில் என்ன கருவி இருந்தது, எந்தக் கடையில் என்ன விற்றார்கள், பெண்கள் வேலை நாளில் என்ன உடுத்தினார்கள் என்று இன்று ஆராய்கிறவர்களுக்கு இவை ஆவணம்.

இவற்றில் எல்லாமே யாரோ காசு கொடுத்துக் கேட்டவை என்று நம்புவது கடினம். தொழிலால் அவர் போட்டோக்காரர், மனதால் ஆர்வலர். ஆர்டர் இல்லாத இடத்திலும் நின்று தகடு செலவழிக்கிறவரை வியாபாரி என்று சொல்ல முடியாது.

ஸ்கோஃபீல்டு, 1900

1900 மே 1 காலை, ஸ்பிரிங்வில்லுக்குத் தென்கிழக்கே மலைக்குள் இருக்கும் ஸ்கோஃபீல்டு அருகே, வின்டர் குவார்ட்டர்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தின் நான்காம் எண் பகுதியில் வெடிப்பு நிகழ்ந்தது. காற்றில் மிதந்த நிலக்கரித் தூசி தீப்பற்றியது. வெடிப்பில் செத்தவர்கள் ஒரு பங்கு. உள்ளே இணைந்திருந்த முதலாம் எண் சுரங்கத்துக்குள் நச்சுக்காற்று பரவியதில், காயமே இல்லாமல் மூச்சுத்திணறிச் செத்தவர்கள் இன்னொரு பங்கு. அதிகாரபூர்வக் கணக்கு 200 பேர். அதில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஃபின்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தையும் மகனும் சேர்ந்தே செத்த குடும்பங்கள் உண்டு. சால்ட் லேக் சிட்டியில் கிடைத்த சவப்பெட்டிகள் போதாமல் டென்வரிலிருந்து வரவழைத்தார்கள்.

ஆண்டர்சன் கேமராவோடு அங்கே போனார். சுரங்க வாயில், மீட்புக் குழுவினர், வரிசையாக வைத்த பெட்டிகள், புதிய கல்லறைகள் என எடுத்தார். பிரதிகளை விற்கவும் செய்தார். சாவை விற்றாரா என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் இறந்தவரின் கடைசிப் படம் குடும்பத்துக்கு வேண்டிய பொருள். அதை எடுப்பது போட்டோக்காரரின் கடமைகளில் ஒன்று. இந்தப் படங்களில் எனக்குப் படுவது, அவர் துயரத்தைத் தேடிப்போய் முகத்துக்கு அருகே கேமராவை நீட்டவில்லை என்பதுதான். தள்ளி நிற்கிறார், கூட்டத்தை முழுமையாக எடுக்கிறார். எத்தனை பெட்டிகள், எவ்வளவு சிறிய ஊர் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. நாளிதழ்கள் எண்ணைச் சொன்னபோது இவர் அளவைக் காட்டினார். ஊழியத்துக்குப் போவதற்கு ஏழாண்டு முன்பே, நடந்ததை நடந்த இடத்தில் நின்று பதிய வேண்டும் என்ற வேகம் அவரிடம் முதிர்ந்திருந்தது என்பதற்கு ஸ்கோஃபீல்டு தகடுகள் சாட்சி.

தொழில் அதே சமயம் நழுவத் தொடங்கியிருந்தது. 1900இலேயே ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் ஒரு டாலருக்கு பிரவுனி கேமராவை விற்பனைக்கு விட்டது. குழந்தையின் படத்துக்கு இனிக் கூடாரக்காரர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டர்சன் கனமான தகடுகளை விடவில்லை.

அழைப்பும் சுற்றுவழியும்

மார்மன் ஊழியத்துக்குச் சம்பளம் இல்லை. போகிறவரோ அவர் குடும்பமோதான் செலவைச் சுமக்க வேண்டும். அக்காலத்தில் மனைவி மக்கள் உள்ள ஆண்களையும் அழைப்பது வழக்கம். கணவன் கடல் கடந்து போவான். மனைவி வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். ஊர் கொஞ்சம் கைகொடுக்கும். அழைப்பை மறுப்பது விசுவாசியின் மனதில் எழும் யோசனையே அல்ல. இதுவரைக்கும் ஆண்டர்சனை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தச் சமூகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

அவர் செய்த புதியது, இங்கிலாந்துக்குப் போகும் வழியை ஒரு யாத்திரையாக மாற்றியது. முதலில் மிசூரி. இன்டிபென்டன்ஸ், ஃபார் வெஸ்ட், பிறகு இல்லினாயில் நாவூ, கார்த்தேஜ், ஒஹாயோவில் கர்ட்லண்ட், நியூயார்க்கில் பல்மைரா, கடைசியாக வெர்மான்ட். வரைபடத்தில் பார்த்தால் இது மார்மன் வரலாற்றைப் பின்னோக்கி நடப்பது. விரட்டப்பட்டவர்களின் பேரன் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், அவர்கள் ஓடிவந்த பாதையில் எதிர்த்திசையில் போகிறார்.

ஃபார் வெஸ்ட் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான மார்மன்கள் வாழ்ந்த ஊர். 1838 ஜூலை 4 அன்று அங்கே கோயிலுக்கு மூலைக்கற்கள் நாட்டினார்கள். சில மாதங்களில் விரட்டப்பட்டார்கள். ஆண்டர்சன் போனபோது அது விவசாய நிலம். படமெடுக்க அங்கே கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. வெற்று வெளியை எப்படிப் படமாக்குவது? இந்தக் கேள்வியை அவர் பல இடங்களில் எதிர்கொண்டார். அவர் கண்ட வழி எளிமையானது: இடத்தை இடமாகவே எடுப்பது. வேலி, வரப்பு, அடிவானம், சில சமயம் அளவுக்கு ஒரு மனிதர். இங்கே ஒரு நகரம் இருந்தது என்று படம் பறைசாற்றாது. இன்றைக்கு இங்கே இதுதான் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஒரு விசுவாசி தன் புனிதத் தலத்தை இவ்வளவு அடக்கத்தோடு படமெடுத்திருப்பது என்னை ஆச்சரியப்படுத்துகிறது.

நாவூவிலும் அதேதான். மலைமேல் இருந்த கோயிலை 1848இல் தீ தின்றது, 1850இல் சூறைக்காற்று சுவர்களைத் தள்ளியது. ஆண்டர்சன் எடுத்தது மிஞ்சிய செங்கல் வீடுகளை, அவற்றில் குடியிருந்த வேற்றாட்களோடு. கார்த்தேஜ் சிறையை மட்டும் சபை 1903இலேயே வாங்கியிருந்தது. அந்தக் கல் கட்டடம், ஜோசஃப் ஸ்மித் விழுந்து செத்த ஜன்னல் பக்கம், இவற்றையும் எடுத்தார்.

1907 ஆகஸ்டில் பல்மைரா. ஸ்மித் குடும்பத்தின் பழைய பண்ணையை ஒட்டி ஒரு மரத்தோப்பு இருக்கிறது. 1820இல் பதினான்கு வயது ஜோசஃப், எந்தச் சபையில் சேர்வது என்று கேட்டு ஜெபித்தபோது தரிசனம் கண்டதாக மார்மன்கள் நம்பும் இடம் அது. பண்ணையைச் சபைக்காக வாங்கியதும் அதே 1907இல்தான். ஆண்டர்சன் அந்தத் தோப்பில் எடுத்த படம் அவருடைய படங்களில் மிகவும் பரவியது. நெடிய மரத்தண்டுகள், இலைகளுக்கு நடுவே இறங்கும் வெளிச்சம். தரிசனத்தைக் காட்ட எந்த முயற்சியும் இல்லை. மார்மன் வீடுகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் இந்தத் தோப்பு எப்படி இருக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கிடைத்த பதில் அந்தப் படம்.

எங்கே தங்கினோம், யாரைச் சந்தித்தோம், எந்த இடத்தை எடுத்தோம் என்று வழிநெடுக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போனார். தகடும் நாட்குறிப்பும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இடம் தெரியாத படத்துக்கு நாட்குறிப்பு விலாசம் தருகிறது. ஊர்ஊராகக் கூடாரம் தூக்கித் திரிந்த ஆண்டுகளின் பயிற்சி இதில் அவருக்கு உதவியது என்றே நினைக்கிறேன். அன்னிய வீட்டு வாசலில் நின்று, கேமராவை வைக்க இடம் கேட்பது அவருக்குப் புதிதில்லை.

இந்தப் படங்களில் சிலவற்றைச் சபையின் ஞாயிறு பள்ளிச் சங்கம் 1909இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டது. ஆண்டர்சன் அப்போது இங்கிலாந்தில். அங்கே அவர் 1908 முதல் 1911 வரை இருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி இங்கே நீட்ட அவசியமில்லை.

வெர்மான்ட்: விளக்க வேண்டிய ஈராண்டு

1911இல் ஊழியம் முடிந்தது. நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆண்டர்சன் போகவில்லை. வெர்மான்ட்டில் சவுத் ராயல்டன் பக்கம் தங்கிவிட்டார். ஜோசஃப் ஸ்மித் பிறந்த இடம் அருகில்தான். அங்கே 1905 டிசம்பர் 23 அன்று, அவருடைய நூறாவது பிறந்த நாளில், ஒரு கிரானைட் தூண் நிறுத்தியிருந்தார்கள். தூணின் உயரம் முப்பத்தெட்டரை அடி. அவர் வாழ்ந்த ஆண்டு ஒன்றுக்கு ஓர் அடி.

அங்கே 1913 வரை இருந்து, அக்கம்பக்கத்து மக்களைப் படமெடுத்தார். மார்மன் அல்லாத வெர்மான்ட் உழவர்கள், அவர்களுடைய வீடுகள், குடும்பங்கள். யூட்டாவில் செய்த அதே வேலை. படங்களின் தரத்தில் குறையில்லை.

ஆனால் ஸ்பிரிங்வில்லில் ஆலிவ் நான்கைந்து ஆண்டுகளாகத் தனியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். ஊழிய காலத்தில் கணவன் இல்லாததற்குச் சபையும் ஊரும் ஒப்பும் காரணம் ஒன்று இருந்தது. ஊழியம் முடிந்த பிறகு அந்தக் காரணமும் இல்லை. ஸ்டூடியோவின் பெயரைத் தாங்கிய ஆள் ஊரில் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள், அல்லது தாங்களே கோடாக் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகள் தந்தை இல்லாமலே வளர்ந்தார்கள். பணமுடையில் இருந்த வீடு அது.

இந்த ஈராண்டை ஆண்டர்சனின் பக்கம் நின்று என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. விசுவாசம் என்று சொல்ல முடியாது; விசுவாசம் கேட்டதை அவர் கொடுத்து முடித்துவிட்டார். குடும்பத்தை வெறுத்தார் என்றும் சொல்ல முடியாது. நான் பார்க்கும் விதத்தில் காரணம் வேறு. எடுக்க வேண்டிய இடம் ஒன்று மீதம் இருக்கும்வரை அவரால் கேமராவை மூட்டை கட்ட முடியவில்லை. ஃபார் வெஸ்ட்டின் வெற்று வயலில் தகடு செலவழிக்க வைத்த அதே பிடிவாதம் வெர்மான்ட்டில் அவரைக் கட்டிப்போட்டது. முதல் இடத்தில் அதன் பலன் சபைக்குக் கிடைத்தது. இரண்டாவது இடத்தில் அதன் விலையை ஆலிவ் கொடுத்தார்.

உண்மையில் முதல் இடத்துக்கும் விலை கொடுத்தது ஆலிவ்தான். மிசூரியிலிருந்து வெர்மான்ட் வரை அலைந்த ஓராண்டுக்கு ஆண்டர்சனுக்குச் சம்பளம் தந்தவர் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய வருமானம் கண்ணாடித் தகடுகளாக மாறியது. அந்தப் படத்தொகுப்பின் புரவலர் பட்டியலில் ஆலிவ் லௌரி ஆண்டர்சனின் பெயர் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திரும்பிய பின்

1913இல் அவர் திரும்பி வந்த ஊரில் போட்டோக்காரருக்கு முன்போலத் தேவை இல்லை. தம்பதிக்கு இடையே விழுந்த விரிசல் கூடவில்லை. மீண்டும் ஊர் ஊராகப் போனார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கேமராவும் தகடுகளும் அதே எடைதான்.

அவரைக் கடைசிவரை இழுத்தவை கோயில்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கார்ட்ஸ்டன் கோயில் 1923 ஆகஸ்டில் பிரதிஷ்டை ஆனபோது அங்கே போனார். விழா முடிந்தும் தங்கி, அந்தப் பக்கத்து மார்மன் உழவர்களைப் படமெடுத்தார். 1927 அக்டோபரில் அரிசோனாவின் மேசா கோயிலுக்குப் போனார். உடல் அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. இதயக் கோளாறோடு ஸ்பிரிங்வில்லுக்கு வந்து சேர்ந்தார். 1928 மே 9 அன்று, 67 வயதில் காலமானார்.

தகடுகளின் கதி

போட்டோக்காரர் இறந்தால் வீட்டாருக்கு முதலில் தலைவலியாவது நெகட்டிவ்கள்தான். எடை அதிகம், உடையும், யார் முகம் என்று தெரியாது. பல ஊர்களில் பழைய தகடுகளைச் சுரண்டிக் கண்ணாடியாக விற்றிருக்கிறார்கள். ஆண்டர்சனின் தகடுகளிலும் இழப்பு உண்டு. ஆனாலும் ஆயிரக்கணக்கில் தப்பின. இன்று அவற்றில் பெரும்பகுதி ப்ரோவோவில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழக நூலகத்திலும், சால்ட் லேக் சிட்டியில் சபையின் வரலாற்று நூலகத்திலும் இருக்கின்றன.

நீண்ட காலம் அவரைப் பற்றி வெளியுலகம் பேசவில்லை. 1970களில் ஸ்பிரிங்வில்லைச் சேர்ந்த சிற்பி ரெல் பிரான்சிஸ் அந்தத் தகடுகளைத் தேடி எடுத்து, பிரதி போட்டு, ஆண்டர்சனின் வாழ்க்கையையும் தொகுத்தார். டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள அமான் கார்ட்டர் அருங்காட்சியகத்தின் முயற்சியில் 1979இல் அது நூலாக வந்தது. 1907ஆம் ஆண்டு நாட்குறிப்பு, படங்களோடு சேர்ந்து 1995இல் வெளியானது. உள்ளூர்க்காரர் ஒருவர் முனைந்திராவிட்டால் இது நடந்திருக்காது. சபைக்கு வேண்டியது புனிதத் தலங்களின் படங்கள். அவற்றைச் சபை பாதுகாத்திருக்கும். கொல்லர் பட்டறையும் கடைவாசலும் கூடாரத்துக் குழந்தைகளும் அந்த வரிசையில் முன்னால் நின்றிருக்கமாட்டார்கள்.

புனிதத் தலப் படங்களின் பயன் அவர் எதிர்பார்த்ததைவிட நீண்டுபோனது. சபை அந்த இடங்கள் பலவற்றைப் பின்னாளில் வாங்கியது. மார்மன் வேதநூல் பொறித்த தங்கத் தகடுகள் ஜோசஃப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாக நம்பப்படும் குமோரா குன்று 1928இல்தான், அவர் இறந்த ஆண்டில், சபையின் கைக்கு வந்தது. நாவூவை மீட்டமைக்க 1962இல் தனி அமைப்பே உருவானது. மீட்டமைப்பு என்றாலே மாற்றமும் கூட வரும்: சுவர் புதிதாகும், தோட்டம் அழகாகும், வண்டி நிறுத்த இடம் வரும். மாற்றத்துக்கு முன்னால் நிலம் எப்படி இருந்தது, வேலி எங்கே ஓடியது, குன்றில் மரம் எவ்வளவு இருந்தது என்று கேட்கும் வரலாற்றாசிரியர் 1907இன் தகடுகளைத்தான் எடுக்கிறார்.

ஊர்ப் படங்களில் ஒரு வேலை இன்னும் பாக்கி. கூடாரத்தில் உட்கார்ந்த பலருக்குப் பெயர் இல்லை. வம்சத்தைத் தேடும் அந்த மக்களிடையே ஒரு பழைய முகத்துக்குப் பெயர் பொருந்தினால், ஒரு குடும்பத்தின் கிளை நிரம்புகிறது. ஸ்பிரிங்வில், மேன்டை, ஸ்கோஃபீல்டு பக்கத்து வீடுகளில் பழைய அட்டைப் படங்களின் பின்புறம் பென்சிலில் எழுதிய பெயர்கள் இருக்கக்கூடும். அவற்றை நூலகத் தகடுகளோடு ஒப்பிட்டுப் பொருத்துவது, பாட்டி இன்னும் உயிரோடு இருக்கும் வீடுகளிலாவது உடனே செய்ய வேண்டிய காரியம்.